கிண்ணியா மணலுக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

திருகோணமலையில் இருந்து சீனன்குடா, வெள்ளைமணல் கடந்து வருகிறவருக்குக் கிண்ணியா ஒரு பாலத்தோடு தொடங்குகிறது. 396 மீற்றர் நீளம். சவூதி அபிவிருத்தி நிதியத்தின் நிதியுதவியில் கட்டி, 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறந்தார்கள். அன்றைக்கு இலங்கையின் மிக நீளமான பாலம் அதுதான். அதுவரை துறையில் நின்று, பாதைப் படகு வரும்வரை காத்திருந்து, வண்டியை ஏற்றி, அக்கரையில் தள்ளி இறக்கிப் போன ஊர் இது. பாலம் வந்தபின் மீன் விலை மாறியது, காணி விலை மாறியது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் மாறியது. இதையெல்லாம் பேசிவிட்டோம். ஊர் இளந்தாரிகள் வாங்கும் மோட்டார் சைக்கிளும் மாறியது. அதைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

பாலத்தைத் தொடர்ந்து ஏ15 வீதியும் சீரானது. உப்பாறு, கங்கை, இறால்குழி என்று படகுக்குக் காத்து நின்ற நீர்வழிகளுக்கு மேலாகப் பிரெஞ்சு உதவியில் பாலங்கள் எழுந்தன. மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு வரை காப்பட் விழுந்தது. ஒரு பக்கம் காப்பட் வீதி, மறுபக்கம் லீசிங் கம்பனி. அகலமான டயர், தாழ்ந்த ஹேண்டில், எஞ்சினை மூடிய பிளாஸ்டிக், பின்னுக்கு மேலே தூக்கிய சீட் என்று வண்டிகள் வரத் தொடங்கின. போட்டோவுக்கு அழகுதான்.

ஆனால் கிண்ணியாவில் யாருடைய சீவியமும் ஏ15 வீதியோடு முடிவதில்லை. பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் மணல். சூரங்கல், கச்சக்கொடித்தீவு தாண்டி வயலுக்குப் போனால் கிரவல். மாரி பிறந்தால் அந்தக் கிரவலே சேறு. தம்பலகாமத்து வயல்வெளிக்கும் கந்தளாய்ப் பக்கத்து வாய்க்கால் கட்டுக்கும் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டுப்பட்டி பார்க்கக் காட்டோரம் போகிறவர்கள், கரைவலை இழுக்கும் இடத்துக்கே போய் மீன் எடுத்துப் பெட்டி கட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக் குடாவின் ஓரம் இது. ஆறு கை கையாகப் பிரிவதைப் போல நிலமும் ஒழுங்கைக்கு ஒழுங்கை மாறும். தார், மணல், கிரவல், சேறு, உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மிதித்து வருகிற ஆளுக்கு, ஷோரூம் விளக்கில் மின்னிய அந்த வண்டி என்னத்துக்கு ஆகும்?

அந்தக் கேள்விக்குக் கிழக்கின் கராஜ்களில் ஒரு விடை உருவாகி வருகிறது. பாரம் குறைந்த, காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட, பெரிய முன் சக்கரம் பூட்டிய, அடிக்கடி மக்கர் பண்ணாத வண்டி. உலகம் இதை அட்வெஞ்சர் பைக் என்று விற்கிறது. நம்மூரில் டிரெயில் பைக் என்றால் எல்லோருக்கும் புரியும்.

பஞ்சிகாவத்தைப் பார்சல்

இங்கே ஓர் ஆள் வண்டி மாற்றுகிற வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதல் வண்டி வாப்பாவின் 100 சிசி. பஜாஜ் சிடி100 மாதிரி ஒன்று; எடை ஏறக்குறைய 110 கிலோ. அதில்தான் ஓட்டப் பழகுவார். நூறு சிசிக்குள் என்றால் ஏ1 அனுமதிப்பத்திரம் போதும். அந்த வண்டியைப் பற்றி ஊரில் ஒரு குறையும் சொல்லமாட்டார்கள், ஆசையும் படமாட்டார்கள். சம்பளம் வந்ததும் பெரிய வண்டி. தொல்லை தொடங்குவது அங்கேதான்.

தொல்லை என்றால் நடுரோட்டில் எஞ்சின் வெடிப்பது போன்ற பெரிய கதை ஏதும் இல்லை. சில்லறைத் தொல்லை. கடற்காற்றில் உப்பு, மாரியில் ஈரம். வயர் இணைப்புகளுக்குள் பச்சை பூக்கும். ஒரு நாள் சிக்னல் எரியாது, மறுநாள் ஸ்டார்ட்டர் சத்தம் மட்டும் வரும். செயினை ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் துரு. மணலில் முன் சக்கரம் அலைய, ஆள் கிளச்சைப் பாதி பிடித்தபடி இழுக்க, கிளச் தட்டு எரிந்து மணக்கும். தாழ்ந்த சைலன்சர் வரம்பில் இடித்து நெளியும். மூடிய பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்க்கவே கராஜ் பாஸுக்கு அரைநாள் போய்விடும். அதில் ஒரு கொளுக்கி முறிந்தால் பாட்ஸ் உள்ளூரில் இருக்காது. கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போன் எடுக்கவேண்டும். இரவு பஸ்ஸில் பார்சல் வரும். வந்தது வேறு மொடலின் பாட்ஸாக இருக்கும்.

இந்த இடத்தில் கம்பனிகளைக் குறை சொல்வது சுலபம், அவ்வளவு நியாயமும் இல்லை. அந்த வண்டிகளில் பல, தார் வீதி உள்ள நகரத்தில், சேவை நிலையத்துக்குப் பக்கத்தில், நன்றாகத்தான் ஓடுகின்றன. ஒரு வண்டியை நம்பலாமா என்பதில் பாதி அதன் எஞ்சினைப் பொறுத்தது. மீதிப் பாதி, அதைத் திறக்கத் தெரிந்த ஆள் எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. விளம்பரம் முதல் பாதியை மட்டும் சொல்லும்.

இரண்டாவது பாதிக்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 1990களின் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, ஹோண்டாவின் சி50, சி90, எம்டி90 வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும், கரி படியும், ஆனாலும் ஓடும். அமுக்கம் குறைந்த எளிய எஞ்சின் என்பதாலும், அதை வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இருந்ததாலும் அது நடந்தது. 1958இல் பிறந்து, 2017இல் பத்துக் கோடி உற்பத்தியைத் தொட்ட சூப்பர் கப் குடும்பத்து வண்டிகள் அவை. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த எம்டி90, நம் ஊர்களில் ஆசிரியர்களையும் விதானைமார்களையும் சுமந்தது.

அதே ஜப்பானில் இருந்துதான் டிரெயில் பைக்குகளும் வந்தன. யமஹா சேரோ, ஹோண்டா எக்ஸ்எல்ஆர், இரட்டைக் கண் விளக்கு வைத்த பாஹா. சேரோ 1985இல் வந்த வண்டி. 223 சிசி, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. எண்ணெயும் பெற்றோலும் ஊற்றாத எடை 110 கிலோவுக்கும் குறைவு. அதாவது ஒரு சிடி100 பாரத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு எஞ்சின். மலைப் பாதையில் காலை ஊன்றி ஊன்றி ஏறுவதற்கென்றே சீட்டைத் தாழ்த்தி வடிவமைத்தார்கள். 2020 வரை, எஞ்சின் 250 சிசி ஆன பிறகும், அதே குணத்தோடு ஜப்பானில் விற்றார்கள்.

அந்த வண்டிகள் மட்டும் புதிதாகக் கிடைத்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் நம்மிடம் வந்து சேர்ந்தவை பழசு. சில வண்டிகளுக்கு ஓட்டுகிறவரை விட வயது கூட. எஞ்சின் இன்னும் கல்லு மாதிரி இருக்கும். மின்சாரப் பக்கம்தான் கைவிடும்: சிடிஐ பெட்டி, ஸ்டேற்றர் சுருள், ரெகுலேற்றர். ரப்பர் வெடித்த காபரேட்டர் இன்னொன்று. இவற்றுக்கு மாற்றுப் பாட்ஸ் தேடுவதே ஒரு தொழில். பொருந்துகிற இந்தியப் பாட்ஸைக் கண்டுபிடித்து வைத்திருக்கிற பாஸ்மார் இருக்கிறார்கள். ஒரு வண்டியின் பிஸ்டன், இன்னொன்றின் ரிங்க்ஸ், மற்றொன்றின் சிடிஐ. அப்படி ஓடுகிற வண்டியை விற்கும்போது, அந்தப் பாஸின் போன் நம்பரையும் சேர்த்து விற்கவேண்டும்.

பிறகு அந்த ஐந்து வருடம். 2020 மார்ச்சில் வெளிநாட்டு நாணயத்தைக் காப்பாற்ற வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். அவ்வளவு பேரும் கையில் இருந்ததையே தைத்துத் தைத்து ஓட்டினார்கள். பழைய வண்டிகளின் விலை ஏறியது. தொல்லை வண்டி என்று தெரிந்தும் விற்க முடியாது. விற்றால் மாற்று இல்லை.

நடுவில் 2022. பெற்றோல் வரிசை, கியூஆர் அட்டை. தேசிய எரிபொருள் அனுமதி தொடங்கிய ஜூலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். லீற்றருக்கு அறுபது கிலோமீற்றர் தருகிற 100 சிசி வண்டிக்காரர் அதில் 240 கிலோமீற்றர் போனார். கிண்ணியாவுக்கும் திருமலைக்கும் ஐந்தாறு தரம் போய்வரலாம். முப்பது தருகிற 250 சிசிக்காரருக்கு அதில் பாதி. அதற்கும் குறைவாகத் தருகிற வண்டி வைத்திருந்தவர்கள் அதைத் துணி போட்டு மூடிவிட்டுச் சைக்கிள் எடுத்தார்கள். 2023 செப்ரெம்பர் முதலாம் திகதி அந்த அட்டை போய்விட்டது. ஆனால் கிழக்கில் வண்டி வாங்க வருகிறவர் இன்றைக்கும் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, லீற்றருக்கு எத்தனை என்பதுதான். சிசி அதற்குப் பிறகு.

மங்கோலியாவில் ஒரு சிவப்பு வண்டி

பாரமான வண்டியால் படும் பாடு கிண்ணியாவுக்கு மட்டும் வந்ததல்ல. பெரிய அட்வெஞ்சர் பைக் என்ற வகையைத் தொடக்கி வைத்தது 1980இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்80 ஜிஎஸ். அதற்கு முந்தைய வருடத் தொடக்கத்தில், முதலாவது பாரிஸ்–டக்கார் ஓட்டத்தில் பிரான்ஸ்காரர் சிரில் நெவ்யூ சஹாராவைக் கடந்து வென்றது யமஹா எக்ஸ்டி500 என்ற எளிய ஒற்றைச் சிலிண்டர் வண்டியில். பாலைவனம் தன் விருப்பத்தை முதல் வருடமே சொல்லிவிட்டது. விற்பனைக்காரர்களின் விருப்பம் வேறு. ஜிஎஸ் வருடா வருடம் வளர்ந்தது. 250 கிலோவைத் தாண்டியது.

2004இல் நடிகர்கள் ஈவான் மெக்ரேகரும் சார்லி பூர்மனும் லண்டனில் இருந்து கிழக்கு நோக்கி நியூயோர்க் வரை போன பயணம் தொலைக்காட்சித் தொடராகி, உலகம் முழுவதும் அந்தப் பெரிய வண்டிக்கு ஆசை மூட்டியது. அதே தொடரில் மங்கோலியப் பகுதியைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று நினைவிருக்கும். சதுப்பில் அந்த ஜிஎஸ் வண்டிகள் விழுகின்றன. தூக்குகிறார்கள், விழுகின்றன. ஒளிப்பதிவாளர் கிளோடியோ ஃபொன் பிளாண்டாவின் வண்டி பழுதாகி முடங்க, அந்த நாட்டிலேயே ஒரு சிவப்பு நிற ரஷ்ய வண்டி வாங்குகிறார்கள். ஈஷ் பிளானெட்டா என்ற, விலை குறைந்த, பாரமும் குறைந்த பழைய மாதிரி. சேற்றில் முன்னால் போனது அந்த வண்டிதான். தொடர் முடிந்ததும் உலகம் ஓடிப்போய் ஜிஎஸ் வாங்கியது. மனிதர் ஆசைக்குக் கணக்குத் தெரியாது.

சேரோ வைத்திருக்கிற கிண்ணியாக்காரருக்கு உற்சாகம் தரக்கூடிய கதை பிரித்தானியப் பெண் லோயிஸ் பிரைஸுடையது. 2003இல் வேலையை விட்டுவிட்டு, 225 சிசி சேரோவில் அலாஸ்காவில் இருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் தெற்கு முனையில் உஷுவாயா வரை போனவர். நம் ஒழுங்கைகளில் ஓடுகிற அதே இனத்து வண்டி.

வண்டி மாற்றும் கதைக்கு இன்னும் பொருத்தமானவர் நெதர்லாந்தின் நொராலி ஸ்கூன்மேக்கர். புவிச்சரிதவியல் படித்தவர், இட்சி பூட்ஸ் என்ற பெயரில் அவர் வெளியிடும் பயணப் படங்களை நம் பையன்களும் பார்க்கிறார்கள். 2018இல் இந்தியாவில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வாங்கி, அதில் நெதர்லாந்து வரை போனார். பிறகு தென்னமெரிக்காவுக்கு இன்னொரு ஹிமாலயன். ஆபிரிக்காவின் தெற்கே ஹோண்டா சிபி500எக்ஸ். அதன்பின் அவர் எடுத்தது ஹோண்டா சிஆர்எஃப்300 ரலி. முதல் இரண்டு மாதிரிகளும் 200 கிலோவை ஒட்டியவை, மூன்றாவது 153. எந்த வண்டியும் வாங்கக்கூடிய நிலைக்கு வந்தபிறகு அவர் சின்னதாக இறங்கினார். அந்த வண்டியில் அலாஸ்கா போனார், ஆபிரிக்காவுக்கும் அதே மாதிரியைத்தான் எடுத்தார்.

பாரம் குறைவது ஏன் இவ்வளவு முக்கியம்? ஓடும்போது இருப்பதை விட, நிற்கும்போதும் விழும்போதும் பாரம் அதிகம் தெரியும். மணலில் விழுந்த 200 கிலோ வண்டியை ஓர் ஆள் தனியே நிமிர்த்தலாம், ஒரு தரம். மூன்றாம் தரம் முதுகு கேட்காது. மணலில் புதைந்த முன் சக்கரத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைக்கவேண்டும். வாய்க்கால் கட்டில் வண்டியை இருந்த இடத்திலேயே திருப்பவேண்டும். கந்தளாய்ப் பக்கம் மாலையில் யானை குறுக்கே நின்றால் இது வசதி என்ற நிலையைத் தாண்டிவிடும். தள்ளி, சாய்த்து, திருப்பி, வந்த வழியே போவதற்கு எத்தனை விநாடி எடுக்கிறது என்பதே அப்போது கேள்வி.

விளம்பரங்களில் தண்ணீர் தெறிக்க ஆற்றைக் கடக்கிற காட்சி கட்டாயம் இருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வுவதில்லை. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் புதிதாகக் கட்ட வழியடைத்த காலத்தில், சனம் ஏறிப்போன மிதவை 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மௌத்தானார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாறு உடைப்பெடுத்தபோது மூதூர், வெருகல் பக்கம் வீதி எது, ஆறு எது என்று தெரியாமல் கிடந்தது. இந்த ஊருக்குத் தண்ணீரைக் கடப்பது விளையாட்டு இல்லை. எந்த வண்டி வைத்திருந்தாலும், ஓடுகிற தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்கு மேலே இருந்தால் இறங்கித் திரும்பவேண்டும். சிலாவத்தான வண்டி என்ற நம்பிக்கையில் இறக்குகிறவனைத்தான் ஆறு முதலில் எடுக்கும்.

154 கிலோ

இனி சந்தையில் இருப்பதைப் பார்க்கலாம். இந்தியாவில் 2019 மே மாதம் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 நம் வீதிகளிலும் ஓடுகிறது. 199.6 சிசி, 18 குதிரைவலு சொச்சம், எடை 154 கிலோ. பல்சர் 150 வைத்திருந்தவருக்குப் பாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் மற்ற அளவுகளில். தரைக்கும் எஞ்சின் அடிக்கும் இடையே 220 மில்லிமீற்றர். முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீற்றர் அமுங்கும். 21, 18 அங்குலக் கம்பிச் சக்கரங்கள். 13 லீற்றர் டாங்கி. இந்த அளவுகளை ஜப்பானியப் பழைய டிரெயில் பைக்குகளின் அளவுகளோடு ஒப்பிட்டால் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது விளங்கும், குறையாகச் சொல்லவில்லை. 2011இலேயே ஹீரோ இம்பல்ஸ் என்று ஒரு 150 சிசி முயற்சி செய்து, அது விலைபோகாமல் நின்றது. எட்டு வருடம் கழித்துச் சிசியைக் கூட்டி, விலையை அடக்கி வந்தது ஓடியது.

இதன் பெரிய பலம் வேகம் இல்லை. தம்புள்ளை வீதியில் ஏறி மணிக்கு எண்பது, தொண்ணூறில் போகலாம்; அதற்கு மேலே எஞ்சின் தன் வயதைச் சொல்லும். இரண்டு பேர், பை, எதிர்க் காற்று என்றால் கியரைக் குறைக்கவேண்டும். ஆனால் எஞ்சின் பிளாஸ்டிக்கால் மூடப்படாமல் வெளியே நிற்கிறது. எந்த போல்ட்டைக் கழற்றினால் எது வரும் என்பதை, இந்திய வண்டிகளையே இருபது வருடமாகக் கழற்றிப் பழகிய நம் பாஸ்மார் பார்த்தவுடன் சொல்வார்கள். பாட்ஸும் பக்கத்து நாட்டில் இருந்துதான். பழைய சேரோவின் உடம்பும் சிடி100இன் பாட்ஸ் வசதியும் ஏறக்குறைய ஒரே வண்டியில் சேர்ந்திருக்கிறது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

மேலே போனால் ஹிமாலயன் 450. 2023 கடைசியில் வந்தது. 452 சிசி, 40 குதிரைவலு, 196 கிலோ. நுவரெலியா ஏறி, எல்ல போய், அறுகம்பை சுற்றி வருகிற ஆளுக்கு அருமையான வண்டி. கிண்ணியாவில் வயலுக்குப் போகிற ஆளுக்கு அந்த 196 ஒவ்வொரு நாளும் பதில் கேட்கும். ஹீரோவே 2025இல் விற்பனைக்கு விட்ட எக்ஸ்பல்ஸ் 210 தண்ணீரால் குளிர்கிறது, 24 குதிரைவலுவைத் தாண்டுகிறது, எடை 170 கிலோவுக்குப் பக்கம். கூடிய பலம் நல்லது. கூடவே ஒரு ரேடியேற்றரும் பதினைந்து கிலோவும் வந்திருக்கின்றன. ஜிஎஸ் நடந்த வழியில் எல்லோரும் ஒரு தரமாவது நடந்து பார்ப்பார்கள் போலிருக்கிறது.

எரிபொருள் ஊசியா, காபரேட்டரா என்று கராஜ்களில் நடக்கிற வாதத்தையும் சொல்லவேண்டும். காபரேட்டரைத் தெருவோரத்தில் கழற்றி ஊதிப் பூட்டலாம், உண்மை. ஆனால் ஊசி முறையில் ஊதவேண்டிய அவசியமே வருவது குறைவு. பெற்றோலும் மிச்சம். மழைக்குளிரில் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகும். அது கெடுகிற நாளில் கெடுவது பெரும்பாலும் ஊசி இல்லை, அதற்குப் போகிற வயர் இணைப்பு. அந்த இணைப்புகளைப் புது வண்டியிலேயே ஒரு தரம் திறந்து மின்சாரக் கிரீஸ் பூசி மூடினால், உப்புக் காற்றோடு நடக்கிற சண்டையில் பாதி முடிந்தது. ஒரு மணித்தியால வேலை. செய்கிறவர்கள் குறைவு.

பின் இருக்கை

இத்தனை நல்லதும் சொன்னபிறகு ஒரு பெரிய மறுப்பு இருக்கிறது. வீட்டிலிருந்து வருகிற மறுப்பு. கிண்ணியாவில் மோட்டார் சைக்கிள் ஒரு குடும்ப வாகனம். உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், பிள்ளையைப் பாடசாலையில் விடவேண்டும், வெள்ளிக்கிழமை வாப்பாவைப் பள்ளிக்கு ஏற்றவேண்டும். டிரெயில் பைக்கின் சீட் உயரம் 820 மில்லிமீற்றருக்கு மேல். பின்னால் ஏறுகிறவருக்கு அதைவிட உயரம். முழங்கால் நோவு உள்ள அறுபது வயது மனுசி அபாயாவோடு அதில் ஏறுவதை யோசித்துப் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் உட்கார ஒழுங்கான இடமும் இல்லை, கால் வைக்கத் தட்டும் இல்லை.

அதனால்தான் பல வீடுகளில் இரண்டு வண்டி: மகனிடம் டிரெயில் பைக், வீட்டுக்கு ஸ்கூட்டி. கிழக்கில் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுவது இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. ஆசிரியைகளும் தாதிமாரும் மழையிலும் அதில்தான் போய்வருகிறார்கள். நாட்டின் உண்மையான அட்வெஞ்சர் ஓட்டம் அவர்களுடையது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மணலில் பத்து அங்குலச் சக்கரத்தை நேராகப் பிடிப்பவருக்கு 21 அங்குலம் பற்றி நாம் பாடம் எடுக்க முடியாது. இரண்டு வண்டிக்கு வசதியில்லாத வீட்டில், பின்னால் யார் ஏறுவார்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு மற்றதைப் பேசவேண்டும். அங்கே சிடி100 தான் இன்னும் கெட்டிக்கார வண்டி. அதன் பின் டயரைக் கொஞ்சம் முள்ளுள்ளதாக மாற்றினால் வயலுக்கும் போகும்.

வாங்கத் துணிந்தவர்களுக்குச் சில வார்த்தை. பழைய டிரெயில் பைக் என்றால் முதலில் பேப்பர். ஓப்பன் பேப்பரில் கை மாறி மாறி வந்த வண்டி மலிவாகத் தோன்றும். உரிமையை மாற்றப் போகிற அன்றைக்குப் புத்தகத்தில் இருக்கிற சட்டக இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியோடு ஒத்துப்போகாவிட்டால் காசும் இல்லை, வண்டியும் இல்லை. அடுத்தது உப்பு. பெயின்ட் புதிதாக இருந்தால் சந்தோஷப்படவேண்டாம், ஏன் அடித்தார்கள் என்று கேட்கவேண்டும். சீட்டைக் கழற்றி அதன் அடியில் சட்டகத்தின் வெல்டிங் மூலைகளைப் பார்க்கவேண்டும். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுகியது ஒரு சத்தம், தளர்ந்தது வேறு சத்தம். கடற்கரை வண்டியில் துரு முதலில் ஏறுவது கம்பியின் நுனி மரைக்குள்தான். அது வெளியே தெரியாது. ரிம் நெளிந்திருந்தால் 21 அங்குலத்துக்கு மாற்றுத் தேடுவது தனிக் கதை.

புது வண்டி என்றால் வாங்குகிற கடையில் இரண்டு கேள்வி போதும்: கிளச் தட்டும் கிளச் கேபிளும் இப்போது ஸ்டோக்கில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக் காட்ட முடியுமா? வரும், ஓடர் போட்டிருக்கிறோம் என்ற பதிலைக் கேட்டுப் பழகிய ஊர் நமது. கண்ணால் பார்த்தால்தான் கணக்கு.

மணலில் ஓட்டிப் பழகாதவர்கள் முதல் நாளே கடற்கரைக்குப் போகவேண்டாம். பார்வை சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்கவேண்டும், பாரம் பின்னால் இருக்கவேண்டும், அக்சிலேற்றரை விடக்கூடாது. முன் சக்கரம் அலையும். அலையட்டும், இறுக்கிப் பிடித்தால்தான் விழும். டயர் காற்றைக் குறைத்தால் மணலில் பிடிப்பு வரும். ஆனால் டியூப் டயரில் மிதமிஞ்சிக் குறைத்தால் டயர் ரிம்மில் வழுக்கி, வால்வை அடியோடு பிடுங்கிவிடும். பிறகு தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

நவம்பர் மழைக்கு முன் சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கவேண்டியவை அதிகமில்லை: ஒரு பிளக், ஒரு கிளச் கேபிள், ஒரு லீவர், செயின் இணைக்கும் ஒரு கண்ணி, ஒரு டியூப். டியூப் ஒன்றுதான் வைக்க இடமிருக்கிறது என்றால் 21 அங்குலத்தையே வைக்கலாம். பின்னால் இருக்கிற 18 அங்குலச் சக்கரத்துக்குள்ளும் அவசரத்துக்கு அது மடிந்து உட்கார்ந்து, மெல்ல ஓட்டினால் ஊர்வரை கொண்டுவந்து விடும்.